இரண்டு காலும் தரையில்

இந்தப் பாலிதீன் உறையைக் கழற்றித் தொலைத்தால் என்ன. காலையிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தார்களோ, யாரோ இப்போதுதான் எழுந்து போன பஸ் சீட் மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது. அசைந்தால் சேலை அதில் ஒட்டிச் சர்ரென்று சத்தம் வேறு. டை கட்டிய சேல்ஸ்மேன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டாண்ட் எடுத்துட்டேன் மேடம், நான் பிடிச்சிருக்கேன், ஃப்ரீயா உக்காருங்க" என்கிறான். ஃப்ரீயாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், கால்தான் தரைக்கு வரவில்லை. வலது பெருவிரல் டைல்ஸைத் தடவுகிறது, இடது பக்கம் அதுவும் இல்லை, செருப்பு விரலில் தொங்குகிறது. இவன் கையை எடுத்தால் வண்டியோடு போய் அந்தக் கண்ணாடி மேஜை மேல் விழுவேன். "கால் எட்டலையே" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பழகிடும் சார்" என்றான். சாருக்கு என்ன பழக வேண்டிக்கிடக்கிறது? உட்கார்ந்திருப்பவள் நான். மாசாமாசம் சம்பளத்தில் தவணை கட்டப்போகிறவள் நான். ஆனால் இந்த ஷோரூமுக்குள் கால் வைத்ததிலிருந்து வாங்க சார், காபி சார், மைலேஜ் எவ்வளவு எதிர்பாக்கீங்க சார். எனக்கு மட்டும், என்ன கலர் பிடிக்கும் மேடம். பேப்பர் கப் காபியில் ஆடை மிதந்தது. அதை மேலுதட்டில் ஒட்டவைத்துக்கொண்டு இவர், குருசாமி, என் கழுத்தில் தாலி கட்டியவர், "பழகிடும், பழகிடும்" என்று தலையாட்டுகிறார். துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கிடக்கட்டும்.

பழகிடும். இந்த ஒரு வார்த்தையை வைத்தே இத்தனை வருஷம் என்னை ஓட்டிவிட்டார்கள். கல்யாணமான புதிதில் இவர் விடிந்ததும் குழாயடியில் நின்று காறுகிற சத்தம் கேட்டு எனக்குக் குடலைப் புரட்டியபோது மாமியார் சொன்னாள், பழகிடும். தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து மருந்து வாடையோடு வந்து, கை கழுவினேன் என்று பேர் பண்ணிவிட்டுச் சோற்றைப் பிசைவார், அதுவும் பழகிடும். கோவில்பட்டியிலிருந்து பள்ளிக்கூடம் போகிற டவுன் பஸ்ஸில் பின்னால் நிற்கிறவனுடைய வயிறு என் முதுகில் வேண்டுமென்றே வந்து சாய்ந்தது, கண்டக்டரிடம் சொன்னேன், "கூட்டம்னா அப்படித்தான்க்கா, பழகிடும்" என்று விசில் அடித்துவிட்டுப் போனான். நான் சத்துணவு அமைப்பாளர். மூட்டை அவிழ்த்த உடனே பருப்பில் வண்டு வாடை தெரிந்துவிடும், முட்டைத் தட்டைத் தூக்கும்போதே இதில் ஒன்று கெட்டது என்று மூக்கு சொல்லிவிடும். இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு எதுவும் பழகாது. பழகிவிட்டது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, பக்கத்தில் இருந்தவர்கள்தான் எனக்காகச் சொல்லிக்கொண்டார்கள். பஸ்ஸை விட்டால் இவருடைய பைக். ஓட்டிக்கொண்டே தலையை ஒரு பக்கம் திருப்பித் துப்புவார், காற்று அதைக் கீழே விழவிடாது, நான் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு அவருடைய பனியன் வேர்வைக்கும் அந்தச் சாரலுக்கும் நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு போவேன். சாயங்காலம் அதைவிட மோசம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் போன பிறகும் கேட்டுக்கு வெளியே நிற்பேன், இவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வருவார். ஹெட்மாஸ்டர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, சார் இன்னும் வரலையா?" என்பார், கொஞ்சம் சிரிப்பார். விளக்கெண்ணெயைத் தொட்ட மாதிரி இருக்கும். வேலை முடிந்தால் நானே கிளம்பி நானே வீட்டுக்கு வர வேண்டும், இதைத் தவிர நான் என்ன கேட்டேன்?

அந்த மூலையில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று நிற்கிறது, உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தேன். சீட் தாழ்வு, எடையும் குறைவு, எங்கள் எஸ்தர் டீச்சர் வண்டி மாதிரி. பிள்ளைகள் போன பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் அவள்தான் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். "ஓட்டுறது ஒரு வித்தையே இல்லக்கா, நிறுத்துறதுதான். நிறுத்தும்போது ரெண்டு காலும் அழுத்தமா தரையில இருந்துச்சுன்னா ஒரு பயமும் கிடையாது" என்றாள். ஊன்றிப் பார்த்தேன். குதிகால் வரை பதிந்தது. மண்சூடு செருப்பைத் தாண்டி ஏறியது, வண்டி என் இரண்டு காலுக்கும் நடுவில் அடங்கிப்போய் நின்றது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காரணமே இல்லாமல், நாற்பத்தாறு வயதுப் பொம்பளை நடு மைதானத்தில். அதையெல்லாம் இங்கே யாரிடம் சொல்ல. சீனிராஜ் அண்ணனிடமா? இவருடைய அக்காவைக் கட்டியவர், சிமெண்ட் கடை வைத்திருக்கிறார், வருஷத்துக்கு ஒரு வண்டி மாற்றுகிறவர் என்பதால் எங்கள் குடும்பத்தில் யார் சைக்கிள் வாங்கினாலும் அவர் வந்து டயரை அமுக்கிப் பார்க்க வேண்டும். கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே, "அது ஸ்கூட்டர் இல்ல தங்கச்சி, பொம்மை. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான்னா பறந்துரும். வெயிட்டு வேணும், அப்பத்தான் ரோட்டப் பிடிச்சு நிக்கும்" என்கிறார். மீசையில் மிட்டாய்த்தூள் ஒட்டியிருக்கிறது, பேசப்பேச அது சீட்டில் உதிர்கிறது, உதிர்ந்ததை உள்ளங்கையால் என் பக்கமே தள்ளிவிடுகிறார். "நாளைக்கு மாப்ளயும் ஓட்டணும்ல?" அங்கேதான் விஷயம். வீட்டில் கிளம்பும்போது அது என் வண்டி. பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் நம்ம வண்டி ஆயிற்று. ஷோரூம் வாசலில் மாப்ள வண்டி. மாப்ளைக்குத் தோதாக ஒன்றை எடுத்துவிட்டு அதில் என்னைத் தொங்கப்போட்டுப் பார்க்கிறார்கள். இதில் அவசரம் வேறு. இன்று வெள்ளிக்கிழமை, ராகு காலம் வருவதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டுமாம், அதையும் சீனிராஜ் அண்ணன் கையால்தான் கொடுக்க வேண்டுமாம், கைராசிக்காரர். சம்பளம் என்னுடையது, ராசி அவருடையது. மிட்டாய் பிசுக்கு அப்பிய அந்தக் கைக்கு ஒரு ராசி.

இறங்கிவிட்டேன். இறங்கினேன் என்றால், சேல்ஸ்மேன் வண்டியைச் சாய்த்துக்கொடுக்க, மாடியிலிருந்து இறங்குகிற மாதிரி ஒரு காலைத் தேடித் தேடி இறக்கினேன். பக்கத்தில் ஒரு குடும்பம் டெலிவரி எடுக்கிறது. அட்டையில் செய்த பெரிய சாவியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அவர்கள் நசுக்கிய எலுமிச்சம்பழம் டைல்ஸில் குங்குமமும் விதையுமாகப் பரவிக்கிடக்கிறது, அதை இரண்டு பேர் மிதித்துக்கொண்டும் போய்விட்டார்கள். செவசெவ என்று அந்தத் தடம். எனக்கு மீன்கடைச் சந்து ஞாபகம் வந்துவிட்டது, வரவேண்டாம் என்றுதான் நினைத்தேன், வந்துவிட்டது. போன ஐப்பசி மழையில் இவர் பைக்கை மீன்கடை வாசலில் நிறுத்தப்போனார், நின்ற வண்டி அப்படியே சாய்ந்தது. ஓடுகிற வண்டி இல்லை, நின்ற வண்டி. நான் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன், சாக்கடை ஓரத்தில் மீன் கழுவின தண்ணீரில் போய் இடுப்போடு விழுந்தேன். செதிளும் குடலும் சேலைக் கொசுவத்துக்குள் போய்விட்டன. ஆட்கள் ஓடிவந்து முதலில் இவரைத்தான் தூக்கினார்கள். இவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "பின்னாடி உக்காந்துக்கிட்டு ஆட்டிட்டா." உடனே அத்தனை தலையும் ஆடிற்று. நம் ஊரில் பைக் விழுந்தால் பின்னால் உட்கார்ந்தவள்தான் விழத்தட்டியிருப்பாள், அதற்குச் சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். மீன்காரி, "அசையாம உக்காரணும்த்தா" என்று எனக்குப் புத்தி சொன்னாள். நானும் ஆமாம் என்றேன், நாற்றத்தில் வாயைத் திறக்க முடியாமல், சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று. அந்தச் சேலையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அந்த ஆமாமை எங்கே போடுவது என்று இதுவரை தெரியவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் இவராகவே, ஒரு ஸ்கூட்டர் வாங்கிடுவோமா என்றார். எனக்காகத்தான் கேட்கிறார் என்று அப்போது நினைத்தேன், ஒருநாள் முழுக்க அவர்மேல் பிரியமாகக்கூட இருந்தேன்.

"நான் ஒரு ரவுண்டு பாக்கேன்" என்று இவர் அந்தப் பெரியதை வெளியே கொண்டுவரச் சொல்லிவிட்டார். ஷோரூமுக்கு முன்னால் சிமெண்ட் தளம், ரோட்டைப் பார்க்கச் சரிவாக இறங்குகிறது. சீனிராஜ் அண்ணனும் சேல்ஸ்மேனும் உள்ளே இன்சூரன்ஸ் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் வெளியில், வெயில் தலையில் இறங்க, புது டயரின் ரப்பர் வாடையோடு நிற்கிறேன். இவர் போகிறார், நேராகத்தான் போகிறார், முதுகை நிமிர்த்திக்கொண்டு, யாரோ போட்டோ எடுக்கிற மாதிரி. கேட்டோரம் திரும்பி வருகிறார். எனக்கு முன்னால் சரிவில் பிரேக் பிடிக்கிறார். இடது கால் கீழே வருகிறது. வந்து, தரையைத் தேடுகிறது. தேடுகிறது என்றால் என் கால் தேடியதே, அதே மாதிரி, பெருவிரல் நுனியால் தடவித் தடவி. முழங்கால் வெடவெட என்று ஆடுகிறது, வேட்டி விலகி அது ஆடுவதை நான் பார்க்கிறேன், நரைமுடியும் சுருங்கின தோலுமாக, இந்தக் காலையா நான் இத்தனை நாள் நம்பி உட்கார்ந்திருந்தேன். வண்டி என் பக்கம் சாய்கிறது. ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். இழுத்தேன். அந்த வெயிட்டு, ரோட்டைப் பிடித்து நிற்கும் என்றார்களே அந்த வெயிட்டு, மெதுவாக, நிதானமாக, என் கையோடு சேர்ந்தே இறங்கியது. இவர் ஒரு துள்ளுத் துள்ளி அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். கண்ணாடி உடைந்த சத்தத்தில் உள்ளே இருந்தவர்கள் திரும்பும்போது, வண்டி தரையில் கிடக்கிறது, ஹேண்டில்பார் என் கையில் இருக்கிறது, இவர் நாலடி தள்ளி நிற்கிறார்.

அவ்வளவு போதும் அவர்களுக்கு. "நான் அப்பவே நினைச்சேன். அது கையில ஏன் மாப்ள குடுத்த?" என்று சீனிராஜ் அண்ணன் வந்தார். அதுவாம். சேல்ஸ்மேன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, "பார்த்து மேடம், ஆக்ஸிலேட்டர மெதுவா முறுக்கணும்" என்று எனக்குப் பாடம் எடுக்கிறான், குனிந்தபோது அவன் டை நுனி என் புறங்கையில் படுகிறது, அதில் பழைய சாம்பார்க் கறை. கணுக்காலில் எனக்கு எரிகிறது, சிராய்த்திருக்கும். நான் இவரைப் பார்க்கிறேன். இப்போது சொல்வார். வாயைத் திறந்து நான்தான் என்று சொல்வார். இவர் தொண்டையைச் செருமினார், செருமியதைத் துப்ப இடம் இல்லாமல் விழுங்கினார், பிறகு, "விடுங்க மச்சான், அவள ஒண்ணும் சொல்லாதீங்க. புதுசுல்ல? போகப்போகச் சரியாயிரும்" என்றார். எனக்காகப் பரிந்து பேசுகிறார். தான் போட்டு உடைத்ததற்கு என்னை மன்னிக்கிறார், அதுவும் நாலு பேர் முன்னால், பெரியமனுஷனாக. அந்தப் பொய்கூட இல்லை, அதைச் சொன்ன குரலில் இருந்த அந்த அன்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. எப்போதிலிருந்து இந்தக் கால் இப்படி ஆடுகிறது? யோசித்தால் எல்லாம் வரிசையாக வருகிறது. டீக்கடைப் படியை ஒட்டியே கொண்டுபோய் நிறுத்துகிறாரே, டீ குடிக்க இல்லை, படியில் காலை வைத்துக்கொள்ள. பள்ளிக்கூட வாசலில் அந்த மைல்கல் ஓரம்தான் நிறுத்துவார், நான் முள்ளில் இறங்குவேன், நகர்த்துங்கள் என்றால் எரிந்து விழுவார். மீன்கடையில் நான் அசையவே இல்லை. அசையவே இல்லை. இவருக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும், தெரிந்துகொண்டே அந்தக் காலை நம்பி என்னை லாரி போகிற பைபாஸில் நித்தம் கொண்டுபோயிருக்கிறார்.

சீனிராஜ் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "மாப்ள, நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு. தங்கச்சிக்கு வண்டியே வேண்டாம். கையக் கால ஒடச்சுக்கிட்டு நின்னா யாரு பாக்கது? இந்தப் பெருசையே எடு, உனக்குப் பைக்கவிட இது சொகமா இருக்கும், நீயே கொண்டுவிட்டுக் கூட்டிட்டு வந்துரு." இவர் இல்லை என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், எங்கள் அம்மா வீட்டுப் பந்தியில் வயிறு சரியில்லாமல் எழுந்து ஓடும்போது பார்த்த பார்வை, சொல்லிராத, சொல்லிராத. பரிதாபமாகத்தான் இருந்தது. எனக்கு அந்தப் பரிதாபம் வந்ததுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது, ஊறுகாய் ஜாடியில் பூசணம் மாதிரி எங்கிருந்துதான் வருகிறதோ, எத்தனை தடவை வழித்துப் போட்டாலும். இப்போது ஆமாம் என்று தலையாட்டினால் போதும், வீட்டுக்குப் போகலாம், ராத்திரி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்வார். நாளையிலிருந்து திரும்பவும் அந்த முதுகு, அந்தச் சாரல், அந்தக் கேட்டு, ஹெட்மாஸ்டர் கார். என்றைக்காவது ஒருநாள் நின்ற இடத்தில் சாய்வோம், பின்னால் ஒரு லாரி வரும், செத்துக்கிடக்கும்போதும், ஆட்டிட்டா என்பார்கள். "அண்ணே" என்றேன். "வண்டியப் போட்டது நான் இல்ல. அவரு. அவருக்கும் கால் எட்டல." அட்டைச் சாவிக் குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது. சீனிராஜ் அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, இவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இவர் குனிந்து வேட்டியில் இல்லாத மண்ணைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார்.

நான் உள்ளே போய் அந்தச் சாம்பல் நிற வண்டியில் உட்கார்ந்தேன். பாலிதீன் உறையை நானே கிழித்து எடுத்தேன், சேல்ஸ்மேன் "மேடம், மேடம்" என்றான், கேட்கவில்லை. இரண்டு குதிகாலும் டைல்ஸில் பதிந்தன. "இத எழுதுங்க" என்றேன். பின்னாலேயே வந்த சீனிராஜ் அண்ணன் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். "ராகு காலம் வந்துட்டு. இனிமே யாரும் அட்வான்ஸ் குடுக்க மாட்டாங்க. இன்னொரு நாள் பாப்போம், கிளம்பு." இன்னொரு நாள் என்றால் எந்த நாள் என்று எனக்குத் தெரியாதா? இன்றைக்கு எழுந்தால் இவர்கள் என்னைத் திரும்பவும் இதில் உட்காரவிடப் போவதில்லை. "முடியட்டும்ணே. முடியிற வரைக்கும் நான் இதுலயே உக்காந்திருக்கேன்" என்றேன். "கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார். "ஆமா" என்றேன், இந்த ஆமாம் நன்றாக இருந்தது, வாயில் கசக்கவில்லை. அவர் இவரைப் பார்த்தார், "மாப்ள, வாரியா இல்லையா?" என்றார், இவர் அசையாமல் நின்றதும் மிட்டாய்த்தாளைக் கசக்கி ஷோரூம் தரையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். சேல்ஸ்மேன், "தண்ணி குடிக்கீங்களா மேடம்?" என்று முதல்தடவையாக என்னிடம் கேட்டான். எலுமிச்சம்பழத்தில் ஈ வந்துவிட்டது, யாரும் கூட்டவில்லை. என் கணுக்காலில் ரத்தம் காய்ந்து இழுக்கிறது. வெளியே கேட்டோரம் இவர் நிழலில் நிற்கிறார், ஒரு காலை மாற்றி ஒரு காலில், தூணைப் பிடித்துக்கொண்டு. போகட்டும் என்று நினைத்தேன், போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்தார், வாயைத் துடைத்திருந்தார், என் பக்கத்தில் நின்று சீட் எவ்வளவு உயரம் என்று தன் தொடையோடு வைத்து அளந்து பார்த்தார். வேர்வை வாடை அடித்தது. சேல்ஸ்மேனுக்குக் கேட்காமல், என் காதுக்கு மட்டும், "இதுல எனக்குக் கால் எட்டுமா?" என்றார்.

"எட்டும்" என்றேன். "ஆனா சாவி எங்கிட்டதான் இருக்கும்."